இரண்டாவது பிரேக்

பயப்படாதே அண்ணனுக்கு அந்தப் பட்டப்பெயர் அவருடைய காரால் வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பின்கண்ணாடி முழுக்க ‘பயப்படாதே’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்திருந்தார். கற்றுக்குட்டிகள் ஓட்டுகிற வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து வருகிறவர்கள் அதைப் படித்துச் சிலர் சிரிப்பார்கள், சிலர் ஹாரனை அழுத்திப் பல்லைக் கடிப்பார்கள். அண்ணன் இரண்டு பேரையும் கண்டுகொள்ளமாட்டார். அவருக்கு அது ஆண்டவர் தந்த வார்த்தை, விளம்பரம் இல்லை. சரி, கொஞ்சம் விளம்பரமும்தான்.

புதன்கிழமை சாயங்காலம் சபைக்குப் பக்கவாட்டில் இருக்கிற சின்ன அறையில் பயம் நீங்கும் கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் அண்ணன்தான். தூக்கம் வராத தையல்காரர், லிப்டில் ஏறமாட்டேன் என்று ஆறு மாடியும் நடந்தே ஏறி முழங்கால் தேய்ந்துபோன கணக்கர், போன் மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற டீச்சரம்மா என்று கொஞ்சம் பேர் தவறாமல் வருவார்கள். அண்ணன் தன் சாட்சியைச் சொல்லுவார். ஒருகாலத்தில் கற்றுக்கொள்ள வந்த ஒருவன் லாரியின் முதுகில் கொண்டுபோய் மோதியதையும், அண்ணனின் தோள்பட்டை எலும்பு முறிந்ததையும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் ஜெபித்ததையும் கேட்டுக் கேட்டு அங்கிருந்தவர்களுக்கே மனப்பாடம்.

“அன்னிக்கு அந்தக் கட்டில்லயே என் பயத்தை ஆண்டவர் பிடுங்கி எறிஞ்சிட்டாரு! அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது!”

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று, “எனக்குப் பயம் இல்லை” என்று மூன்று தரம் உரக்கச் சொல்லவேண்டும். பிறகு டீ. யாருக்கு எதைக் கண்டு பயம் என்று அங்கே ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு வாந்தியைப் பற்றிப் பேசுவார்களா? அந்த மாதிரிதான் அதுவும். மூன்று தரம் சொல்லிவிட்டு வந்து தையல்காரர் அன்றைக்கும் விடிய விடியக் கொட்டக் கொட்ட முழித்திருப்பார்.

இப்போது அந்தக் காருக்கு வருவோம். கற்றுக்கொடுக்கிற வண்டிகளில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியார் மிதித்து வண்டியை நிறுத்துவதற்கு. ஆபத்துக்கு உதவ வேண்டிய சாமான் அது, நாள் முழுக்க மிதிப்பதற்கு இல்லை. நம் அண்ணனின் வலது கால் செருப்பு அந்த பிரேக்கின் மேலேயே குடியிருந்தது. தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் மிதி. முட்டுச்சந்தில் நாய் திரும்பிப் பார்த்தால் மிதி. சாலை ஓரத்தில் ஒரு காகிதம் பறந்தால் அதற்கும் ஒரு மிதி. மிதித்துக்கொண்டே வாயால், “பதட்டப்படாதீங்க, ஸ்டீயரிங் ஆண்டவர் கையில இருக்கு” என்பார். ஸ்டீயரிங்கை ஆண்டவருக்கு விட்டுவிட்டு பிரேக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்ட மகானை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

தான் மிதிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. கண் இமைப்பது யாருக்குத் தெரிகிறது? லாரியில் மோதிய நாளில் அவர் கால் மரத்துப்போய் அசையாமல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது ஓய்ந்து இருந்ததே இல்லை. இதை அவர் சாட்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் கற்றவர்களுக்கு இதனால் ஒரு விசேஷமான வியாதி வந்தது. கியர் மாற்றுவார்கள், கண்ணாடி பார்ப்பார்கள், பவ்வியமாக ஓட்டுவார்கள். ஆனால் வண்டி தானாகவே நிற்கும் என்று நம்பினார்கள். லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனால் நாற்சந்திக்கு நேராகக் கொண்டுபோய், கைகட்டிக்கொள்ளாத குறையாக, நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆபீசருக்கு உயிர் போய் உயிர் வரும். ஆட்கள் வரிசையாகப் பெயிலானார்கள். அண்ணனோ, “அந்த ஆபீசரோட இருதயத்தை ஆண்டவர் கடினப்படுத்தியிருக்காரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் மற்றவர்கள் பாடு. அவர் மனைவியும் இதே வியாதியில் விழுந்தபோதுதான் வீட்டுக்குள் புகைச்சல் ஆரம்பித்தது.

நர்ஸம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே வேலை. ஒரு நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் முன்பே அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிடுவார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்து, குளிக்கவைத்து, கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டு வரவேண்டும். பொறுப்பாளர் அம்மா நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, இது உனக்குத்தான் என்றே சொல்லிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை, தானே கார் ஓட்டத் தெரியவேண்டும். மாத முடிவுக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ஒரு புண்ணை அவசரப்படாம கழுவணும்ங்க. ஒரே ஒரு தடவையாவது. அது போதும் எனக்கு” என்றாள் நர்ஸம்மா. இதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டு அண்ணன் கேட்டதில்லை.

வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வெளியே எதற்குப் போகவேண்டும்? அண்ணனே கற்றுக்கொடுத்தார். முதல் டெஸ்டில் நாற்சந்தியைத் தாண்டிப்போய் ஒரு வேலியின்மேல் சாய்ந்து நின்றாள். இரண்டாவது டெஸ்டில் வேலி இல்லை, அதனால் ஆபீசர் நிறுத்தினார். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள்.

“ஏங்க, உங்க கூட ஓட்டுறப்போ வண்டி நல்லாத்தானே நிக்குது?”

“நிக்குதே.”

“யாரு நிறுத்துறா?”

“நீதான்! வேற யாரு?” என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

மறுநாள் நர்ஸம்மா வண்டி ஓட்டும்போது சாலையைப் பார்க்காமல் ஒரு நொடி பக்கத்தில் இருந்த காலைப் பார்த்தாள். அந்தக் கால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வந்து இறங்கியதும் நேராகத் தன் தம்பியின் ஒர்க்ஷாப்புக்குப் போனாள்.

தம்பி மெக்கானிக். அண்ணனின் வண்டிக்கு எல்லாக் காரியமும் பார்க்கிறவன் அவன்தான். சபைப் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் வருவான். அக்கா சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அத்தான் இல்லாத நேரம் பார்த்து வண்டிக்கு அடியில் படுத்து, பக்கத்து பிரேக்கிலிருந்து போகிற கேபிளைக் கழற்றினான். மிதித்தால் தொளதொளவென்று போனால் அத்தான் கண்டுபிடித்துவிடுவாரே என்று அதற்கு அடியில் நல்ல விறைப்பான ஸ்பிரிங் ஒன்றையும் வைத்தான். அத்தானின் கால் இனி எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கலாம், வண்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆட்கள் வரிசையாகப் பெயிலானதில் அந்த மாதம் அவரிடம் கற்றுக்கொள்ள நர்ஸம்மாவைத் தவிர வேறு ஆளும் இல்லை.

அன்றிலிருந்து நிறுத்த ஆள் இல்லை என்று தெரிந்ததால், நர்ஸம்மா தானே நிறுத்தினாள். முதல் நாள் கொஞ்சம் குலுக்கினாள். அதற்கப்புறம் கை வந்துவிட்டது. மூன்றாவது டெஸ்டுக்கு நாள் குறித்தாயிற்று. அதுவும் பெயிலானால் மாதம் முடிந்துவிடும்.

ஒன்றும் தெரியாத அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாரம் ஸ்பிரிங்கை மிதித்தார். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் பெருமூச்சு விட்டார். “பாத்தியா, இப்ப எப்படி நிக்குது! எல்லாம் ஜெபம்தான்” என்று தட்டிக்கொடுத்தார். நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, “ஆமாங்க” என்றாள்.

குட்டு உடைந்தது கடைத்தெருவில். காய்கறிக் கடைக்கு முன்னால் ஒரு சைக்கிள்காரன் சட்டென்று வளைந்தான். அண்ணன் பிரேக்கை இருந்த பலம் எல்லாம் சேர்த்து மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மிதித்த காலை எடுக்காமல், “பிரேக் புடிக்கல! ஐயோ, பிரேக் புடிக்கல!” என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்து, சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் அலுங்காமல் நிறுத்தினாள். சைக்கிளுக்கு முன்னால் நிற்கவேண்டிய தேவையே இல்லை, சுற்றிப் போக இடம் தாராளமாக இருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் இறங்கி, வேர்த்துக் கொட்ட, நேராக ஒர்க்ஷாப்புக்கு நடந்தார்.

“என்னடா வண்டி பாத்து வச்சிருக்கே? கொலைகாரா! பிரேக் சுத்தமா இல்ல!”

மச்சான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “எந்த பிரேக் அத்தான்?” என்றான்.

“என் பிரேக்!”

“அது ரெண்டு வாரமாவே இல்லையே.”

அண்ணனுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியதும் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரம். எத்தனை நாற்சந்தி, எத்தனை சைக்கிள், பள்ளிக்கூட வாசல் வேறு. அத்தனையிலும் காப்பாற்றியது தன் கால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரே!

“ஏன்டா ஸ்பிரிங் வச்சே?” என்றார் கடைசியில், வேறெதுவும் கேட்கத் தோன்றாமல்.

“உங்க கால் ஏமாந்துடக் கூடாதேன்னுதான் அத்தான்.”

வீட்டில் நர்ஸம்மா யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசல்படியிலேயே ஆரம்பித்தார்.

“உயிரோட விளையாடுறியா நீ? ஏதாவது ஆகியிருந்தா?”

“ரெண்டு வாரமா உயிரோடதானே இருக்கீங்க?”

“புருஷன்கிட்ட சொல்லாம கொள்ளாம...”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “புதன்கிழமை தவறாம எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட விட்டுடுங்கன்னு ஊருக்கே சொல்றீங்க. அந்த ஒரு காலை மட்டும் இவ்வளவு வருஷமா விட முடியல உங்களால. கேட்டா பயமே இல்லைங்கிறீங்க. பயம் இருக்குன்னு சொன்னாலாவது நான் உங்களைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேனே.”

“எனக்கா? எனக்கென்ன பயம்?” என்றார் அண்ணன். குரல் அவருக்கே கொஞ்சம் கீச்சென்று கேட்டது.

அவர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். மிச்சமிருந்த நாட்களுக்கு அவள் தம்பியை உட்காரவைத்து ஓட்டிப் பழகினாள். ஸ்பிரிங் விஷயம் வெளியே போகக்கூடாது என்று மச்சானிடம் அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தப் புதன்கிழமை கூட்டத்தில், நம் பாரத்தை நாமே தூக்கிக்கொண்டு திரிவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதைப் பற்றிப் பேசினார். அவ்வளவு நன்றாக அவர் அதற்கு முன்பு பேசியதே இல்லை என்றார்கள். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல பேச்சுக்கு என்ன குறைச்சல்!

டெஸ்ட் அன்று காலையில் மச்சான் கேபிளைத் திரும்ப மாட்டினான். கற்றுக்கொடுக்கிற வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் பக்கத்து பிரேக் வேலைசெய்யவேண்டும் என்பது சட்டம். ஆபீசர் அதில் கால் வைத்து நிறுத்தவேண்டி வந்தால் ஓட்டுகிறவர் பெயில் என்பதும் சட்டம்தான். வாத்தியார் விரும்பினால் பின்சீட்டில் உட்காரலாம், வண்டி ஓடும்போது வாயைத் திறக்கக்கூடாது.

அண்ணன் பின்சீட்டில் ஏறினார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன்சீட்டின் முதுகு, அதன் அழுக்கு, உறை கிழிந்த ஓரம் எல்லாம் அவருக்குப் புதிதாக இருந்தன. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தரம் இடம் மாற்றினார்.

ஆபீசர் ஒல்லியான மனிதர், பார்த்தாலே தூக்கம் கெட்டவர் மாதிரி இருப்பார். பக்கத்து பிரேக்கை ஒருதரம் மிதித்துப் பார்த்துவிட்டு, “போகலாம்” என்றார்.

நர்ஸம்மா ஓட்டினாள். வங்கி முனை, பள்ளிக்கூட வாசல், பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் பிசகில்லாமல் தாண்டினாள். நாற்சந்திக்கு முன்னால் கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் இடது வலது பார்க்காமல் சாலையில் இறங்கினார். வண்டி மெதுவாகி, அவருக்கு நல்ல தூரத்திலேயே நின்றது. அவர் கடந்து போனார்.

“ஓரமா நிறுத்துங்கம்மா” என்றார் ஆபீசர். நிறுத்தினாள். “நான் கால் வச்சிட்டேன். சட்டம் தெரியுமில்ல?”

நர்ஸம்மாவின் கழுத்து விறைத்தது. “நானும் வச்சேன் சார். நான்தான் முதல்ல வச்சேன்.”

“எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க” என்றபடி ஆபீசர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

நர்ஸம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அண்ணனுக்கு அவள் கண்கள் தெரிந்தன. அவசரமில்லாமல் கழுவவேண்டிய அந்தப் புண் அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.  உண்மை என்ன என்று ஆபீசருக்கு விளக்கிச் சொல்ல அந்த வண்டியிலேயே அண்ணன் ஒருவரால்தான் முடியும். சொன்னால் மானம் போய்விடும். அந்த ஆபீசர் வாரம் முழுக்க ஊரில் பாதிப் பேரைப் பார்க்கிறவர், சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் வந்துவிடும்.

“சார்” என்றார் அண்ணன். “வண்டி நிக்குது. இப்ப பேசலாமில்ல?”

“என்ன?”

“அவதான் நிறுத்தினா. உங்க கால் இல்ல.”

“உங்க சம்சாரம், நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க.”

“இல்ல சார். நீங்க மிதிச்சு நின்னிருந்தா உங்க மூக்குக்கண்ணாடி முன்னாடி போய் விழுந்திருக்கும். பக்கத்து பிரேக் அப்படித்தான் வெடுக்குனு பிடிக்கும். அவ முதல்ல லேசா அழுத்துவா, கொஞ்சம் விடுவா, மறுபடி அழுத்துவா. இப்ப நின்னது அப்படித்தான். நீங்க கால் வச்சப்போ வண்டி ஏற்கெனவே நின்னாச்சு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். “ரெண்டு வாரம் நானும் இப்படித்தான் நெனச்சேன் சார். கேபிளைக் கழட்டி வச்சிருந்தாங்க, எனக்குத் தெரியாது. வெறும் ஸ்பிரிங்கை மிதிச்சுக்கிட்டு, நான்தான் வண்டியை நிறுத்துறேன், நான்தான் இவளைக் காப்பாத்துறேன்னு... எனக்கு அவ்வளவு பயம் சார். அந்த லாரிக்கு அப்புறம் ஒருநாள்கூட பயமில்லாம இந்த வண்டியில நான் உக்காந்ததில்ல.”

 நர்ஸம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

ஆபீசர் முழுக்கத் திரும்பினார். “ஐயா, உங்க வண்டிக்குப் பின்னாடி பயப்படாதேன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே?”

“அது பின்னாடி வர்றவங்களுக்கு சார்.”

ஆபீசர் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் ஒருமாதிரி ஆயிற்று. குனிந்து தன் வலது முழங்காலைப் பிசைந்துகொண்டார். “எனக்கும் சாயங்காலம் ஆனா இந்தக் கால் குடையுது. டாக்டர் நரம்புன்னாரு” என்றார். பேனாவை மூடினார். இரண்டு காலையும் மடக்கி இருக்கைக்கு அடியில் தள்ளிக்கொண்டார். “இன்னொரு ரவுண்டு போங்கம்மா. நான் கால் வைக்கல. பாப்போம்.”

வண்டி மறுபடி கிளம்பியது. அதே வங்கி முனை, அதே பள்ளிக்கூடம். இந்தத் தடவை வண்டிக்குள் ஒரு கால்கூட காவலுக்கு இல்லை. அண்ணன் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாற்சந்திக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள்ளிருந்து லாரி ஒன்று பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லையா, லாரிதான் வரவேண்டுமா!

வழக்கமாக அண்ணனின் ஜெபம் உத்தரவு போடுகிற ஜெபம். ஆண்டவரே, அந்தச் சைக்கிளை நிறுத்தும், இந்த நாயை அந்தப் பக்கம் ஓட்டும் என்று போக்குவரத்துப் போலீஸுக்குச் சொல்வது போலச் சொல்வார். இப்போது ஒரு உத்தரவும் வாயில் வரவில்லை. லாரியின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. “ஆண்டவரே, பயமா இருக்கு” என்றார் மனதுக்குள். மறுபடியும் அதையேதான் சொன்னார். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

சாட்சிகளில் சொல்வது போல உடம்பில் சூடு பரவவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. பயம் இம்மிகூடக் குறையவில்லை, அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இத்தனை வருஷமும் அதைத் தன்னந்தனியாக ஒளித்துவைத்துக்கொண்டு அலைந்த மனிதனுக்கு, இப்போது பக்கத்தில் யாரோ உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. கண்ணை மூடவேண்டும் என்று தோன்றவில்லை. தான் மிதித்த ஒவ்வொரு நாளிலும் ஆண்டவர் இங்கேதான் இருந்திருப்பார் என்று நினைத்தபோது அண்ணனுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நர்ஸம்மா லேசாக அழுத்தினாள், கொஞ்சம் விட்டாள், மறுபடி அழுத்தினாள். வண்டி நின்றது. லாரி திரும்பிப் போயிற்று.

“பாஸ்” என்றார் ஆபீசர், இரண்டு காலையும் நீட்டிக்கொண்டே.

மச்சானுக்குத்தான் வருத்தம். அவ்வளவு கஷ்டப்பட்டுச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, அத்தானே போட்டு உடைத்துவிட்டாரே என்று ஒர்க்ஷாப்புக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பினான்.

நர்ஸம்மா புது வேலையில் சேர்ந்தது ஒரு புதன்கிழமை. அன்று சாயங்காலம் கூட்டத்துக்கு நேரமாகியும் அவள் வீடு திரும்பவில்லை. கடைசி நோயாளியின் வீடு ஊருக்கு வெளியே, வழியில் மழை வேறு பிடித்துக்கொண்டது. அண்ணன் கூட்டத்துக்குப் போனார். எழுந்து நின்றார். தையல்காரர், கணக்கர், டீச்சரம்மா எல்லோரும் லாரிக் கதையை எதிர்பார்த்து வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

“இன்னிக்குச் செய்தி ஒண்ணும் இல்ல” என்றார் அண்ணன். “அவ வண்டி எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. மழை பெய்யுது. எனக்குக் கைகால் உதறுது. யாராவது எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த அறையில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. கணக்கர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். முதலில் எழுந்தது டீச்சரம்மாதான். வந்து அண்ணனின் தலைமேல் கைவைத்தாள். “ஆண்டவரே, அண்ணனுக்குப் பயமா இருக்கு” என்று ஆரம்பித்தவள், “எனக்கும்தான்” என்று சேர்த்துக்கொண்டாள். “போன் அடிச்சா என் தங்கச்சி செத்த சேதி வந்த நாள் ஞாபகம் வருது ஆண்டவரே.” அவளுக்கு ஒரு தங்கை இருந்ததே அங்கே யாருக்கும் தெரியாது. தையல்காரர் எழுந்து வந்து, தூக்கத்திலேயே போய்விடுவோமோ என்ற பயத்தில்தான் தூங்குவதில்லை என்றார். கணக்கரும் வந்தார். மூன்று தரம் சொல்வதை எல்லோரும் மறந்துபோனார்கள். டீ ஆறிப்போயிற்று.

நனைந்த குடையோடு நர்ஸம்மா கதவைத் திறந்தபோது, தன் கணவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைமேல் ஆளாளுக்குக் கைவைத்து அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தாள். குடை கைநழுவி விழுந்தது.

“ஐயோ, என்னாச்சு அவருக்கு?”

“ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணன் மட்டும் ஈரக் கன்னத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முழுசாக வந்துவிட்டாள். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வா, உக்காரு. எப்படி இருந்துச்சு?”

நர்ஸம்மா வழக்கம்போல, நல்லாயிருந்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அறையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு கோணிக்கொண்டது.

“பயமா இருந்துச்சுங்க” என்றாள். “மழையில கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியல. ஒரு வளைவுல ஓரமா நிறுத்திட்டு அழுதேன். டெஸ்டுலயும் பயந்துக்கிட்டுதான் ஓட்டினேன். முதல் நாள் கேபிளைக் கழட்டினப்போ ராத்திரி முழுக்கத் தூங்கல. நம்ம வீட்டுல அதைச் சொல்ல முடியாதில்ல, அதான் சொல்லல.”

அண்ணனின் வாய் வரைக்கும் தைரிய வசனங்கள் என்னென்னவோ வந்தன. இத்தனை வருஷப் பழக்கம், சும்மா விடுமா? ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. வளைவைப் பற்றி, வைப்பரைப் பற்றி, எதிரே வந்த வெளிச்சம் கண்ணைப் பறித்ததைப் பற்றி, கடைசி வீட்டில் படுத்திருந்த மூதாட்டியின் முதுகுப் புண்ணை நிதானமாகக் கழுவிவிட்டு இறங்கும்போது இந்த மழையில் எப்படிப் போகப்போகிறோம் என்று கால் நடுங்கியதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.